கட்டடத்துக்குக் காசு உண்டு, சம்பளத்துக்கு இல்லை

வணிகவியல் படிக்கும் எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே வரும் பாடம் இது: முதலினச் செலவு, வருவாயினச் செலவு. வகுப்பறை கட்டினால் முதல் வகை; அந்த வகுப்பறையின் கரண்ட் பில் இரண்டாம் வகை. தேர்வுக்குப் படித்து மறந்துபோன இந்தப் பாடம், ஜப்பானின் ஒரு சிறு மானியத் திட்டத்தைப் பற்றிப் படித்தபோது மறுபடி ஞாபகம் வந்தது.

ஜப்பான் 1954-ல் கொழும்புத் திட்டத்தில் சேர்ந்து பிற நாடுகளுக்கு உதவத் தொடங்கியது. பின்னால் அது பெரும்பாலும் அணை, துறைமுகம், மின் நிலையம் என்று வளர்ந்தது. பணம் அரசிடமிருந்து அரசுக்குப் போகும். 1989-ல் அமெரிக்காவை முந்தி, உலகிலேயே அதிக உதவி தரும் நாடானது. அதே ஆண்டில்தான் இதற்கு நேர்மாறான ஒன்றையும் ஆரம்பித்தார்கள். தூதரகமே உள்ளூர்த் தொண்டு நிறுவனம், உள்ளாட்சி, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு மானியம் தரும். பல ஆண்டுகளாக ஒரு திட்டத்துக்குப் பொதுவான வரம்பு 1 கோடி யென். 2003-ல் 'மனிதப் பாதுகாப்பு' என்பதும் திட்டத்தின் பெயரில் சேர்ந்தது.

கிணறு, வகுப்பறை, ஆம்புலன்ஸ் இவற்றுக்கெல்லாம் பணம் கிடைக்கும். ஆசிரியர் சம்பளத்துக்கும் வண்டியின் டீசலுக்கும் கிடைக்காது. அது ஊர்க்காரர்கள் பொறுப்பு. காரணம் நியாயமானதுதான். மாதாமாதம் வெளியாள் காசை நம்பினால், அது நிற்கும் அன்று எல்லாமே நின்றுவிடும். ஆனால் டீசல் போட வழியில்லாத ஊருக்கு ஆம்புலன்ஸ் சொத்தா, சுமையா? உதவி அதிகம் தேவைப்படுவதும் அந்த ஊருக்குத்தான், பராமரிக்க முடியாததும் அந்த ஊரால்தான்.

இந்தச் சிக்கல் வராத வேலை ஒன்று இருக்கிறது. நமக்குப் பக்கத்தில், இலங்கையின் வடக்கில் நடந்தது. 2009-ல் போர் முடிந்த பிறகு அங்கே கண்ணிவெடி அகற்றும் ஹேலோ, மேக், டாஷ் போன்ற அமைப்புகளுக்கு இதே மானியம் போனது. இந்த வேலைக்கு வழக்கமான வரம்பையும் தாண்டித் தருகிறார்கள். கண்ணிவெடி அகற்றுவதில் பெரும் செலவு ஆட்களின் சம்பளம்தான். பாடப்புத்தகக் கணக்கில் பார்த்தால் அது வருவாயினச் செலவு மாதிரி தெரியும். ஆனால் சுத்தமான நிலத்துக்கு டீசல் வேண்டாம், ரிப்பேர் வேண்டாம். ஊர் திரும்பியவர்கள் வீடு கட்டலாம், விதைக்கலாம்; பேரப்பிள்ளைகள் பயமில்லாமல் நடக்கலாம்.

ஆகவே மானியம் தருபவர்கள் கேட்க வேண்டியது, "இது கட்டடமா, சம்பளமா?" என்பதல்ல என்று நினைக்கிறேன். "நாம் போன பிறகு இதற்கு வருடா வருடம் எவ்வளவு செலவாகும், அதை யார் தருவார்கள்?" என்பதுதான்.