அகபாந்தஸ்

அகபாந்தஸ், ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியைத் தாயகமாகக் கொண்ட பல்லாண்டுப் பூச்செடிப் பேரினம். தென் ஆப்பிரிக்கா, லெசோத்தோ, எஸ்வாட்டினி, மொசாம்பிக் ஆகிய நாடுகளில் இயற்கையாக வளர்கிறது. அமரில்லிடேசி குடும்பத்தைச் சேர்ந்தது. வார்போல் நீண்ட இலைகளின் நடுவிலிருந்து இலையற்ற தண்டு ஒன்று எழும்பி, உச்சியில் நீலம் அல்லது வெள்ளைப் பூக்களைக் குடைமஞ்சரியாக விரிக்கும். ஆப்பிரிக்க லில்லி, நைல் லில்லி என்ற பெயர்களில் விற்கப்பட்டாலும் லில்லிக் குடும்பத்துக்கும் நைல் ஆற்றுக்கும் இதனோடு தொடர்பில்லை.

கடைகளில் வெங்காயம் போன்ற குமிழங்களோடு சேர்த்து இதை வைத்திருப்பார்கள். உண்மையில் மண்ணுக்குள் இருப்பது இஞ்சியைப் போன்ற மட்டநிலத்தண்டு. அதிலிருந்து தடித்த, சதைப்பற்றுள்ள வெள்ளை வேர்கள் நாற்புறமும் ஓடும். நீரைச் சேமித்து வைப்பவை இந்த வேர்களே. செடி வறட்சியைத் தாங்குவதும், தேங்கிய நீரில் விரைவாக அழுகுவதும் இவற்றால்தான்.

வகைகள்

தாவரவியலாளர் பிரான்சஸ் லெய்ட்டன் 1965இல் வெளியிட்ட ஆய்வில் பத்துச் சிற்றினங்களைப் பிரித்துக் காட்டினார். 2003இல் சோன்னவெல்டும் கிரஹாம் டங்கனும் டி.என்.ஏ. அளவையும் மகரந்தத்தின் நிறத்தையும் கொண்டு அவற்றை ஆறாகக் குறைத்தனர். தோட்டக்காரருக்கு இந்த எண்ணிக்கையைவிட வேறொரு பிரிவினை முக்கியம். ஆப்பிரிக்கானஸ், பிரேகாக்ஸ் இரண்டும் ஆண்டு முழுதும் பசுமை மாறாதவை. காம்பானுலேட்டஸ், காலெசென்ஸ், காட்டியை, இனாபெர்ட்டஸ் ஆகிய நான்கும் கோடையில் மழை பெறும் பகுதிகளைச் சேர்ந்தவை. குளிர்காலத்தில் இலை முழுவதும் மடிந்து உறங்கிவிடும். எவ்வளவு குளிர் தாங்கும், எப்போது நீர் வேண்டும் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டையே சார்ந்தவை. செடி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது பூவின் நிறத்தை அல்ல, இலை மடியுமா மடியாதா என்பதை.

நாற்றங்கால்களில் 'ஆப்பிரிக்கானஸ்' என்ற சீட்டோடு வரும் செடிகளில் பெரும்பாலானவை பிரேகாக்ஸே. உண்மையான ஆப்பிரிக்கானஸ் மேற்குக் கேப் மாநிலத்து மலைச்சரிவுகளின் ஃபைன்போஸ் புதர்க்காட்டுக்கு உரியது. காட்டுத்தீ பரவிச் சென்ற பின் வரும் கோடையில் கொத்துக்கொத்தாகப் பூக்கும். தோட்ட மண்ணுக்கு அது எளிதில் இணங்குவதில்லை. பிரேகாக்ஸ் எதற்கும் வளைந்து கொடுக்கும்; உலகெங்கும் சாலையோரம் காண்பது அதுவே. மதெய்ரா தீவின் மலைப்பாதைகள் நெடுகிலும் கோடையில் இது நீலமும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும். இனாபெர்ட்டஸ் தனி அழகு உடையது. ஆளுயரத் தண்டில் கருநீலக் குழல்பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும்; தேன்சிட்டுகள் அவற்றைத் தேடி வரும்.

ஐரோப்பாவுக்கு இச்செடி 17ஆம் நூற்றாண்டிலேயே சென்றுவிட்டது. லின்னேயஸ் 1753இல் இதைக் கிரினம் பேரினத்தில் சேர்த்தார். அகபாந்தஸ் என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே தந்தது. நெடுங்காலம் இது கண்ணாடிக் குடிலில் வைத்துக் காக்க வேண்டிய செடியாகவே கருதப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் லூயிஸ் பால்மர் என்ற ஆங்கிலேயர், கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவிலிருந்து விதை பெற்று, வின்செஸ்டருக்கு அருகிலுள்ள தம் தோட்டத்தில் 'ஹெட்போர்ன்' கலப்பினங்களை உருவாக்கினார். திறந்த வெளியில் ஆங்கிலக் குளிரைத் தாங்கும் செடிகள் பரவலானது அதன் பின்னரே.

தோட்டத்தில் வளர்த்தல்

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் இலை செழிக்கும், பூ வராது. நீர் வடியும் மண் கட்டாயம். களிமண்ணாக இருந்தால் பரலும் மக்கிய தழையும் கலந்து மேடாக்கி நடலாம். வசந்தத்தில், மட்டநிலத்தண்டின் தலை மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி, செடிக்குச் செடி ஏறக்குறைய 45 செ.மீ. இடைவெளி விட்டு நட வேண்டும்.

உறைபனி விழும் நாடுகளில் இலை மடியும் வகைகளே தரையில் நிலைக்கும். அவற்றுக்கும் கடுங்குளிருக்கு முன் வைக்கோலாலோ மக்கிய தழையாலோ கனமாக மூடாக்கு இடுவது நல்லது. உறைபனியைவிடக் குளிர்கால ஈரமே அதிகச் செடிகளைக் கொல்கிறது. தமிழகத்தில் உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற மலையூர்களின் தட்பவெப்பம் இதற்கு ஏற்றது. சமவெளி வெப்பத்தில் இலை தழைத்தாலும் பூப்பது அரிது.

பூ வராததற்குக் காரணம்

அகபாந்தஸ் வளர்ப்போரின் முதல் முறையீடு, 'இலை இருக்கிறது, பூ இல்லை' என்பது. காரணத்தைப் பெரும்பாலும் அந்த ஆண்டின் பராமரிப்பில் தேடுகிறார்கள். ஆனால் அடுத்த கோடைக்கான மொட்டு, இந்தக் கோடையின் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் மட்டநிலத்தண்டுக்குள் உருவாகிறது. பூ முடிந்துவிட்டது என்று நீரையும் உரத்தையும் நிறுத்தும் அதே வாரங்களில்தான் செடிக்கு அவை மிகவும் தேவைப்படுகின்றன. 'வறட்சி தாங்கும் செடி' என்ற பெயர் இங்கே கேடு செய்கிறது. வறட்சியில் செடி பிழைக்கும்; மொட்டு உருவாகாது. ஆகவே வட அரைக்கோள நாடுகளில் ஜூலை முதல் அக்டோபர் வரையும், தென் ஆப்பிரிக்காவில் பூத்து ஓய்ந்த ஜனவரிக்குப் பிறகும் மண் உலராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரத்திலும் கவனம் வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இலை மட்டுமே பெருகும். தக்காளிக்குத் தரும் சாம்பல்சத்து மிகுந்த திரவ உரத்தை வசந்தம் தொடங்கி இரு வாரத்துக்கு ஒருமுறை தருவது போதுமானது.

தொட்டியில் வளர்த்தல்

வேர் நெருக்கினால்தான் அகபாந்தஸ் பூக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. மிகப் பெரிய தொட்டியில் வைத்தால் செடி வேரையும் இலையையும் பெருக்குவதிலேயே காலம் கழிக்கும். அளவான இறுக்கம் நல்லதே. ஆனால் தொட்டியைப் பிளக்கும் அளவுக்கு வேர் அடைத்துக்கொண்டால், ஊற்றும் நீர் ஓரமாக வழிந்தோடி மண்ணுக்குள் இறங்காது. அப்போது பூ குறையும். நெருக்கடியைப் பூப்பதற்கான மருந்தாகக் கருதி, பல ஆண்டுகள் தொட்டி மாற்றாமல் விடுவது செடிக்குச் செய்யும் தீங்கு.

தொடக்கத்தில் 20 செ.மீ. அகலத் தொட்டி ஒரு செடிக்குப் போதும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, சற்றே பெரிய தொட்டிக்கு மாற்றலாம். தோட்ட மண் கலந்த கனமான கலவையும் கனமான தொட்டியும் ஏற்றவை. உயர்ந்த பூந்தண்டுகள் காற்றில் ஆடும்போது எடை குறைந்த தொட்டி சாய்ந்துவிடும். முற்றத்துக்குப் 'பீட்டர் பான்' போன்ற குட்டை வகைகள் பொருத்தமானவை. குளிர்நாடுகளில் தொட்டிச் செடிகளை உறைபனிக்கு முன் உள்ளே கொண்டுவர வேண்டும். பசுமை மாறாதவற்றுக்கு வெளிச்சமுள்ள இடம் வேண்டும். இலை மடிந்தவற்றை இருட்டான கொட்டிலிலும் வைக்கலாம். அவற்றுக்கு நீரை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும்.

பெருக்குதல்

பசுமை மாறாதவற்றை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும், இலை மடிபவற்றை ஆறு ஆண்டுக்கு ஒருமுறையும் தோண்டிப் பிரிப்பது வழக்கம். கூரிய கத்தியால் ஒவ்வொரு துண்டிலும் முளையும் வேரும் இருக்கும்படி வெட்ட வேண்டும். பிரித்த செடி ஓராண்டு பூக்காமல் இருக்கலாம். தட்டையான கருநிற விதைகள் புதிதாக விதைத்தால் சில வாரங்களில் முளைக்கும். பூக்க மூன்று ஆண்டுகள் போல ஆகும். விதைக்கன்று தாய்ச்செடியின் குணத்தோடு வரும் என்று உறுதியில்லை. பெயர்பெற்ற வகைகளைப் பிரித்தே பெருக்க வேண்டும்.

பூச்சிகள்

நத்தைகளைத் தவிர நெடுங்காலம் இதற்குப் பெரிய எதிரி இல்லை. 2014இல் இங்கிலாந்தில் ஒரு சிறு ஈ கண்டறியப்பட்டு, 2016இல் எனிக்மாடிப்ளோசிஸ் அகபாந்தி என்று பெயரிடப்பட்டது. இதன் புழுக்கள் மொட்டுக்குள் வாழும். மொட்டுகள் வீங்கி, நிறம் மாறி, விரியாமலே கருகும். தாக்கப்பட்ட பூக்கொத்தை முழுதாக வெட்டி அழிப்பதே வழி. தென் ஆப்பிரிக்காவில் மொட்டையும் தண்டையும் துளைத்துச் செல்லும் ஒரு அந்துப்பூச்சியின் புழு பெருஞ்சேதம் விளைவிக்கிறது.

பயனும் பரவலும்

தென் ஆப்பிரிக்காவின் கோசா மக்கள் கருவுற்ற பெண்களுக்கான மருந்தாக இதன் வேரைப் பயன்படுத்தி வந்துள்ளனர். வேரைக் கோத்துக் கழுத்தில் அணியும் வழக்கமும் உண்டு. ஆனால் இதன் சாறு வாயில் பட்டால் புண்ணாக்கும். தோலிலும் எரிச்சல் தரும். பிரெஞ்சு ஓவியர் மொனே தம் ஜிவெர்னி தோட்டக் குளக்கரையில் இதை வளர்த்தார். இப்போது அமெரிக்காவின் மூன்று அருங்காட்சியகங்களில் பிரிந்திருக்கும் அவருடைய பெரிய முப்பலகை அல்லி ஓவியம் அகபாந்தஸ் என்றே அழைக்கப்படுகிறது. முதலில் மூலையில் தீட்டியிருந்த அகபாந்தஸை அவரே பின்னர் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்.

நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் பிரேகாக்ஸ் தோட்டத்தைத் தாண்டிப் பரவி, உள்ளூர்த் தாவரங்களை நெருக்கும் களையாகிவிட்டது. அடர்ந்த வேர்த்திரளைப் பிடுங்குவது கடினம். அப்பகுதிகளில் வாடிய பூக்கொத்தை விதை முற்றுமுன் வெட்டி எடுக்க வேண்டும். புதிதாக நடுவோர் விதை பிடிக்காத வகைகளைக் கேட்டு வாங்க வேண்டும்.