ஆறு மெகாபிக்ஸலின் ஜாதகம்

பக்கத்து ஃப்ளாட் கல்லூரி மாணவன் போன வாரம் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான். கேனான் ஈ.ஓ.எஸ். 300டி. மாமா வீட்டுப் பரணில் கிடந்ததாம், 'நீயே வெச்சுக்கோ' என்று கொடுத்துவிட்டாராம். பையன் முகத்தில் சந்தோஷமே இல்லை.

'வெறும் ஆறு மெகாபிக்ஸல் அங்கிள். என் செல்போன்லயே ஐம்பது இருக்கு. எடைக்குப் போட்டுடலாமா?'

'பொறுடா, முதல்ல அதோட ஜாதகத்தைப் பார்ப்போம்' என்றேன்.

கேமராவோடு வரும் ஸ்பெசிஃபிகேஷன் பட்டியலும் ஒரு ஜாதகம்தான். கட்டம் கட்டமாக எண்கள். ஒரே வித்தியாசம், இது எதிர்காலத்தைச் சொல்லாது. கடந்த காலத்தைச் சொல்லும்!

முதல் கட்டம், 6.3 மெகாபிக்ஸல். அதாவது படத்தில் 63 லட்சம் புள்ளிகள். அற்பமா? 1975-ல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியின் இளம் என்ஜினீயர் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தவை வெறும் 10,000 புள்ளிகள். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேஸட்டில் பதிய 23 வினாடி ஆனது. 1991-ல் அதே கோடக், நிகான் எஃப்3 கேமராவுக்குள் 13 லட்சம் புள்ளிகள் கொண்ட சென்சாரைப் பொருத்தி விற்றது. படங்களைச் சேமிக்கத் தனிப்பெட்டி. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைய வேண்டும். விலை, மயக்கம் போட்டுவிடாதீர்கள், சுமார் 20,000 டாலர்! பத்திரிகை ஆபீஸ்கள்தான் வாங்க முடியும்.

2003 ஆகஸ்டில் வந்த இந்த 300டி, லென்ஸ் இல்லாமல் 899 டாலர். ஆயிரம் டாலருக்குள் வந்த முதல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். இதுதான். சாதாரண ஆட்களின் கைக்கு இந்தச் சாதனம் எட்டியது அன்றைக்குத்தான். ஆறு மெகாபிக்ஸலில் பத்துக்கு ஏழு அங்குலம் பிரிண்ட் போட்டால் பளிச்சென்று இருக்கும். கல்யாண ஆல்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

இரண்டாவது கட்டம்தான் முக்கியம். யாரும் படிக்காததும் அதுதான். சென்சார் அளவு: 22.7 x 15.1 மி.மீ. இதைப் புரிந்துகொள்ள ஜெர்மனிக்குப் போக வேண்டும். லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கனமான பிளேட் கேமராவைச் சுமந்து மலையேற முடியவில்லை. சினிமா ஃபிலிமையே சின்ன கேமராவில் போட்டால் என்ன என்று யோசித்து, சினிமா ஃப்ரேமை இரட்டிப்பாக்கினார். 36 x 24 மி.மீ.! 1925-ல் லைகா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இன்று 'ஃபுல் ஃப்ரேம்' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது ஒருவருடைய மூச்சுத்திணறலில் பிறந்த அளவு.

அத்தனை பெரிய சிலிக்கான் சில்லு செய்ய 2003-ல் கொள்ளைச் செலவு. அதனால் 300டி-யில் பரப்பளவை ஐந்தில் இரண்டு பங்காகச் சுருக்கினார்கள். காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படுவதால், 50 மி.மீ. லென்ஸ் போட்டால் 80 மி.மீ. போலக் காட்டும். 'க்ராப் 1.6' என்று பட்டியலில் இருப்பது இதுதான்.

ஆனாலும் செல்போன் சென்சாரோடு பார்த்தால் இது மைதானம். 300டி-யின் ஒவ்வொரு புள்ளியும் 7.4 மைக்ரான் அகலம். ஐம்பது மெகாபிக்ஸல் செல்போனில் பெரும்பாலும் ஒரு மைக்ரான்தான். மழை நீர் பிடிக்க அண்டா வைப்பதற்கும் டம்ளர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்! (இன்றைய செல்போன் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, கணக்குப் போட்டுச் சமாளிக்கிறது. அந்தச் சாமர்த்தியத்தையும் மறுப்பதற்கில்லை.)

மூன்றாவது, ஐ.எஸ்.ஓ. 100 முதல் 1600 வரை. ஃபிலிம் டப்பாவில் 100, 400 என்று போட்டிருக்குமே, அதன் வாரிசு. எண் ஏற ஏற மங்கல் வெளிச்சத்திலும் படம் விழும். கூடவே மணல் தூவின மாதிரி புள்ளிகளும் விழும். பழைய கேமராவில் 400-க்குள் இருப்பது உத்தமம். இதில் ஒரு வேடிக்கை: ரஷ்யாவில் சில ஆர்வலர்கள் கேமராவின் உள் மென்பொருளை மாற்றிப் பார்த்தபோது, 3200-ம் வேலை செய்தது. பட்டியலில் இல்லாத எண், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது!

நான்காவது, வினாடிக்கு 2.5 படம், தொடர்ந்து நாலு படம். நாலு முடிந்ததும் கேமரா கார்டில் எழுதி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஓட்டப் பந்தயத்துக்கு ஆகாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தாராளமாகப் போதும்.

முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்த கோடக், ஃபிலிம் வருமானத்தை விட மனசில்லாமல் தயங்கித் தயங்கி, 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. எண்களைக் கண்டுபிடித்தவர்களே அவை சொன்னதைச் சரியாகப் படிக்கவில்லை.

பையன் யோசித்தான். 'அப்ப எடைக்குப் போட வேண்டாம்கறீங்க?'

'லென்ஸ் மாட்டுற வாயைப் பார். 1987-லேர்ந்து வந்த கேனான் ஈ.எஃப். லென்ஸ் எல்லாம் இதுல பொருந்தும். உடம்புக்குத்தான் வயசாச்சு, கண்ணுக்கு இல்லை.'

அன்று சாயங்காலம் திரும்பி வந்தான். 'அங்கிள், இதுக்குப் போடற காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு எங்க கிடைக்கும்?'

ஜாதகத்தில் அந்த ஒரு தோஷத்தை மட்டும் நான் சொல்லாமல் விட்டிருந்தேன்!