வலக்கைக்குப் போன புகழ்

ஆங்கிலத்தில் ‘டெக்ஸ்ட்ரஸ்’ என்றொரு சொல் இருக்கிறது. கைதேர்ந்த, மிகத் திறமையான என்று பொருள். சத்திரசிகிச்சை நிபுணருக்கும் சொல்வார்கள், ஆளை ஆள் வெட்டி விளையாடும் அரசியல்வாதிக்கும் சொல்வார்கள்.

17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புழங்கிய இந்தச் சொல்லின் வேர் இலத்தீன். அங்கே ‘டெக்ஸ்டர்’ என்றால் வலப்பக்கம். இடப்பக்கத்துக்குப் பெயர் ‘சினிஸ்டர்’. அதே சொல்தான் இன்று ஆங்கிலத்தில் கேடு, தீய நோக்கம் என்று நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் மட்டும் சளைத்தவர்களா? இடப்பக்கத்தைக் குறிக்கும் அவர்களுடைய ‘கோஷ்’ ஆங்கிலத்துக்கு வந்து, நயம் தெரியாதவன் என்றாகிவிட்டது.

இதில் வேடிக்கை, பழைய உரோமர்களுக்கு இடப்பக்கம் நல்ல சகுனம். சகுனம் பார்ப்பவர் தெற்கு நோக்கி நிற்பார். சூரியன் உதிக்கும் கிழக்கு அவருக்கு இடப்பக்கம். கிரேக்கர்களின் வழக்கம் இதற்கு நேர்மாறு. அந்தச் செல்வாக்கு உள்ளே வந்தபிறகுதான் இடப்பக்கத்தின் மானம் போனது.

‘டெக்ஸ்டர்’ எங்களுக்கும் தூரத்துச் சொந்தம். சமஸ்கிருதத்தின் ‘தட்சிண’ அதனோடு ஒரே வேரில் பிறந்தது. வலப்பக்கம் என்பது அதன் ஒரு பொருள். கிழக்கு நோக்கி நின்றால் வலக்கைப் பக்கம் தெற்கு, ஆகவே தெற்கு என்பது இன்னொரு பொருள். திருகோணமலையைத் தட்சிண கைலாயம் என்கிறோமே, அந்தத் தட்சிணம்தான் இது.

இரண்டு கையாலும் வேலை செய்பவரை ஆங்கிலத்தில் ‘அம்பிடெக்ஸ்ட்ரஸ்’ என்பார்கள். இரண்டுமே வலக்கை என்று அர்த்தம். அதாவது, இடக்கை கெட்டிக்காரத்தனம் காட்டினால் அதையும் வலக்கை என்று சொல்லித்தான் பாராட்டுவார்கள்! அருச்சுனனுக்கோ ‘சவ்வியசாசி’ என்று பெயர். இடக்கையாலும் அம்பு எய்பவன். அங்கே இடக்கை தன் சொந்தப் பெயரிலேயே புகழ் வாங்கியது.

தமிழ் மட்டும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. ‘வலம்’ என்ற சொல்லுக்கு வெற்றி, வலிமை என்றும் பொருள் உண்டு. ஆனால் ‘கைதேர்ந்த’ என்று சொல்லும்போது எந்தக் கை என்று தமிழ் கேட்பதில்லை. ‘கைவந்த கலை’ என்பதும் அப்படித்தான்.

மொழி கேட்காததை நாங்கள் கேட்டோம். உலகில் பத்தில் ஒருவருக்கு இடக்கைப் பழக்கம். இருந்தும் “சோத்துக்கையால எழுது” என்று எத்தனை பிள்ளைகளின் விரலில் அடிமட்டம் விழுந்தது! இன்று உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இடக்கையில் பென்சில் பிடித்தால் பேசாமல் விடுங்கள். தேர வேண்டியது கை. அது எந்தக் கையாக இருந்தால் என்ன?