வெள்ளாட்டுப் பாலில் புரதம்



சென்னை நந்தனத்தில் ஆவின் இல்லம் இருக்கிறது. 1981-ல் ஏற்பட்ட கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையத்தின் தலைமையகம் அது. நம்ம ஊர்ச் சங்கத்திலே பால் ஊற்றினால், கொழுப்புச் சத்து எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று பார்த்துத்தான் காசு. புரதம், பால் சர்க்கரை, தாது உப்பு எல்லாம் அந்த இதர சத்துக்குள்ளே அடக்கம். வெள்ளாட்டுப் பாலையும் நாம் அதே கண்ணோடுதான் பார்க்கிறோம். எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு என்று கேட்கிறோம், புரதத்தைக் கேட்பதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. புரதத்தை அளக்கும் முறையை டென்மார்க்கில் கெல்டால் 1883-லேயே கண்டுபிடித்தார். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் பல மணி நேர வேலை. 1890-ல் அமெரிக்காவில் பாப்காக்கும், அதை ஒட்டி ஸ்விட்சர்லாந்தில் கெர்பரும் கொண்டுவந்த கொழுப்புச் சோதனையோ நிமிஷக் கணக்கில் முடிந்தது. விலையும் கொழுப்பின் பின்னாலேயே போயிற்று.

ஆடு வளர்த்தவர்கள் பாலின் அளவைத் துரத்தினார்கள். ஸ்விட்சர்லாந்தின் சானன் ஆடு உலகமெங்கும் பரவியது. நம்ம நாட்டு ஜமுனாபாரிக் கிடாக்களும் கப்பலேறி இங்கிலாந்து போயின. அந்த ரத்தம் கலந்து உருவானதுதான் ஆங்கிலோ நூபியன். இது சானனை விடக் குறைவாகக் கறக்கும். ஆனால் கொழுப்பும் புரதமும் கூடுதல்.

ஏன் இந்த வித்தியாசம்? 1987-ல் பிரான்ஸ் விஞ்ஞானிகள் ஒரு முக்கியமான விடை சொன்னார்கள். பாலை உறைய வைப்பது கேசீன் என்ற புரதம். அதில் ஆல்பா எஸ்-1 என்றொரு வகை. இதற்கான மரபுக்கூறு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று குட்டிக்கு வருகிறது. நல்ல கூறு ஒவ்வொன்றும் லிட்டருக்குச் சுமார் 3.6 கிராம் தரும். நடுத்தரக் கூறு 1.6 கிராம், மெலிந்தது 0.6 கிராம். ஒன்றுமே தராத கூறும் உண்டு. ஆக, ஓர் ஆட்டில் 7.2 கிராம், இன்னொன்றில் 1.2 கிராம்! பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பால்தான். பாலாடைக் கட்டி செய்யும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பேர்போன சானன், ஆல்பைன் ஆடுகளில் அப்போது நடுத்தர, மெலிந்த கூறுகளே மிகுதி. பிரான்ஸ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பொலிகிடாக்களைச் சோதித்து, நல்ல கூறு உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம்ம பக்கம் என்ன நிலை? 1970-களில் கர்னாலில் ஆல்பைன், சானன் கிடாக்களை பீட்டல் ஆடுகளோடு கலந்தார்கள். பாலின் அளவு கூடியது. பிற்பாடு ஜமுனாபாரி முதலிய இந்திய ஆடுகளைச் சோதித்தபோது, நல்ல கூறுகளே அதிகம் என்று தெரிந்தது. கறவை குறைவென்று நாம் ஒதுக்கிய ஆட்டிடம் இந்தச் சொத்து இருந்திருக்கிறது!

நம் கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு எல்லாம் பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்ப்பவை. பால் குட்டிக்கும் வீட்டுக்கும்தான். பாலுக்காக ஆடு வளர்க்க நினைப்பவர்கள் சீமைக் கிடா என்றதும் மயங்கிவிட வேண்டாம். அதன் தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்பதோடு, புரதம் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஊர்க் கிடாவை விற்றுத் தீர்த்துவிட்டால், அந்தக் கூறு போனது போனதுதான். கலப்பினம் சேர்ப்பதற்கு முன்னால் கால்நடை மருத்துவரையும் கலந்துகொள்ளுங்கள்.