கோணிய முதுகும் உப்புக்கூடையும்

மரக்காணம் உப்பளத்தில் வாரிய உப்பைக் கூடை கூடையாகத் தலையில் சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம். அந்தக் கரையில் ஒரு பெண்பிள்ளைக்கு முதுகு கோணினால் பழியைச் சுமையின் மேல் போடுவது எளிது. ஆனால் கோணல் முதுகுக்கான அறுவைச் சிகிச்சையின் வரலாறு அந்தப் பழிக்கு ஒத்துவரவில்லை. நியூயார்க்கில் அறுவை மருத்துவர் ரசல் ஹிப்ஸ் 1911இல் முதுகெலும்புகளை ஒட்டவைத்தது காசநோய்க்காக. கோணல் முதுகுக்கு அதே முறை 1914இல்தான் வந்தது. ஹூஸ்டனில் மருத்துவர் பால் ஹாரிங்டன் முதுகெலும்பில் உலோகத் தண்டுகளைப் பொருத்தத் தொடங்கியதோ போலியோ தாக்கிய பிள்ளைகளுக்கு. அவர்கள் எந்தக் கூடையைத் தூக்கினார்கள்? போலியோ ஏறக்குறைய ஒழிந்த பிறகும் பருவ வயதுக் கோணல் ஒழியவில்லை. பெரும்பாலோருக்குக் காரணம் இன்றும் தெரியாது, பரம்பரைக்குப் பங்குண்டு.

சுமையால் முதுகு கெடாதா என்று கேட்கலாம். கெடும், வலிக்கும், எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு தேயும். ஆனால் கோணல் முதுகில் முதுகெலும்பு வளைவதோடு திருகவும் செய்கிறது. பிள்ளையைக் குனியச் சொன்னால் ஒரு பக்க விலா மட்டும் மேடாக எழும்பும். 1865இல் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் விவரித்த சோதனை அது, காசு செலவில்லாதது. கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சரியாகும் என்று காத்திருப்பதில்தான் ஆபத்து. வேகமாக வளரும் அந்த ஓரிரு ஆண்டுகளில் கச்சை கட்டினால் பலரின் வளைவு அறுவை வரை போவதில்லை. ஐம்பது பாகையைத் தாண்டிவிட்டாலோ, வளர்ச்சி நின்ற பிறகும் அது கூடிக்கொண்டே போகக்கூடும்.