இறையியல் கல்வி: தரங்கம்பாடி முதல் அரசரடி வரை

இந்தியாவில் இறையியலுக்கு வழங்கப்படும் பி.டி. பட்டத்தின் வேர் டென்மார்க் மன்னர் ஒருவரின் சாசனத்தில் இருக்கிறது. அந்தச் சாசனம் எழுதப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே தமிழ்க் கடற்கரையில் பாடம் தொடங்கிவிட்டது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். மறு ஆண்டே உபதேசியார்களை உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். 1733இல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்று லுத்தரன் சபையின் போதகரானார். ஆனாலும் அன்றைய பயிற்சியின் நோக்கம் மிஷனரிகளுக்குத் துணையாட்களைத் தயார் செய்வதுதான். அதற்கும் கல்லூரிப் படிப்புக்கும் வெகுதூரம்.

அந்தத் தூரத்தைக் கடக்க வழி திறந்தது வங்காளத்துச் செராம்பூர். ஊக்ளி நதிக்கரையில் இருந்த இந்த டேனியக் குடியேற்றத்தில் மிஷனரிகள் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818இல் ஒரு கல்லூரி நிறுவினர். கீழ்த்திசை இலக்கியமும் ஐரோப்பிய அறிவியலும் அங்கே ஒருசேரக் கற்பிக்கப்பட்டன. கிறிஸ்தவரல்லாத மாணவரும் சேர்ந்தனர். போதகராகப் போகிறவர் தம்மைச் சுற்றியுள்ள மக்களின் நூல்களையும் கற்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு காலத்தை மிஞ்சியது. 1827இல் மன்னர் ஆறாம் பிரெடெரிக் வழங்கிய சாசனம், கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களுக்கு நிகராகப் பட்டம் வழங்கும் உரிமையைக் கல்லூரிக்குத் தந்தது. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றபோதும் சாசன உரிமைகள் ஒப்பந்தத்தில் காக்கப்பட்டன.

அந்த முன்யோசனை இல்லாவிட்டால் வழியே அடைபட்டிருக்கும். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களைத் தொடங்கிய அரசு, மத நடுநிலையைக் காரணம் காட்டி இறையியலுக்கு இடம் தரவில்லை. பல்லாண்டுகள் கிடப்பில் கிடந்த சாசனத்துக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் உயிர் வந்தது. 1915இல் முதல் பி.டி. பட்டங்கள் வழங்கப்பட்டன. 1918இல் வங்காளச் சட்டமன்றம் நிறைவேற்றிய செராம்பூர் கல்லூரிச் சட்டம், பல சபைகளும் பங்கேற்கும் செனட்டுக்கு வழிசெய்தது. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, சமயங்கள், அவற்றோடு எபிரேயம் அல்லது கிரேக்கம் என்று பாடத்திட்டம் விரிந்தது. 1910இல் உருவான பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி ஆங்கில வழிப் படிப்பின் முக்கிய மையமாயிற்று.

தமிழ் வழியில் இறையியல் பட்டப் படிப்பைச் சாதித்துக் காட்டியது மதுரை அரசரடி. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் கைகோத்து 1969இல் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை அங்கே அமைத்தன. நாசரேத் அருகே திருமறையூரில் இயங்கிவந்த கல்லூரியும் இதில் இணைந்தது. இங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றினார். வீட்டுக்கொரு அடுப்பு என்றில்லாமல் எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதை இறையாட்சியின் அடையாளமாக அவர் கற்பித்தார். சாதி பார்த்துப் பந்தி பிரிக்கும் ஊரில், திருவிருந்தைப் பற்றி இதைவிடக் கூர்மையான பாடம் இருக்க முடியாது.

சாதி பற்றிய இந்தக் கேள்வி மதுரையில் மட்டும் எழவில்லை. பெங்களூரில் 1981இல் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலுக்குக் கால்கோளாயிற்று. சென்னைக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி பின்னர் அதற்கெனத் தனித் துறையே அமைத்து அவரைத் தலைவராக்கியது. செராம்பூரின் வீச்சு கடல் கடந்தும் சென்றது: இலங்கையில் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இறையியல் கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்துச் செராம்பூர்ப் பட்டத்துக்கு மாணவர்களை அனுப்புகிறது.