கதை எழுதிய கை

தமிழின் முதல் பேசும்பட நாயகி யார் என்று கேட்டால் என் மாணவிகளில் பலர் டி.பி. ராஜலட்சுமி என்று உடனே சொல்லிவிடுவார்கள். போட்டித் தேர்வுப் புத்தகத்தில் வரும் ஒருவரி விடை அது. அவர் நாவல் எழுதியவர், அதைத் தானே திரைக்கதையாக்கிப் படமாக எடுத்தவர் என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். அவருடைய முகத்தை நினைவில் வைத்த நாம் எழுத்தை ஏன் மறந்தோம்?

திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமி 1911இல் பிறந்தார். பிராமணக் குடும்பம். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் செய்துவைத்தார்கள், அது நிலைக்கவில்லை. தந்தையும் இறந்துவிடவே, பிழைப்புக்காகத் திருச்சியில் நாடகக் குழுவில் சேர்ந்தார். மேடையேறும் பெண்ணைக் குடும்பப் பெண்ணாக மதிக்காத காலம் அது.

அங்கிருந்து சினிமா. 1931 அக்டோபர் 31இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்தில் அவர் தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். கதைக்குத் தொடர்பே இல்லாமல் காந்தியின் ராட்டையைப் போற்றும் பாட்டொன்றும் அதில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. அதில் ருக்மிணி லட்சுமிபதி சிறை சென்றார். மேடையிலும் திரையிலும் அரசியலைக் குரலாக்கிய பெண்களையும் அந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1936இல் ‘மிஸ் கமலா’ வந்தது. தான் எழுதிய ‘கமலவல்லி’ நாவலைத் தழுவிக் கதை, வசனம், இயக்கம், தயாரிப்பு எல்லாவற்றையும் ராஜலட்சுமியே ஏற்றார், நாயகியாகவும் நடித்தார். காதலித்தவனை விட்டு இன்னொருவனுக்குக் கட்டிவைக்கப்படும் பெண்ணின் கதை அது. குழந்தை மணத்தைக் கடந்து வந்தவர், கல்யாணத்தில் பெண்ணின் விருப்பம் என்ன என்று கேட்டு எழுதினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்ற பட்டத்தை இன்று அவருக்குத் தருகிறோம். அந்தப் பட்டத்துக்கு அடியில் எழுத்தாளர் புதைந்துபோனார்.

அதே காலத்தில் ஹாலிவுட்டில் பிரான்சிஸ் மரியன் ‘தி பிக் ஹவுஸ்’, ‘தி சாம்ப்’ படங்களின் எழுத்துக்காக இரண்டு முறை ஆஸ்கர் வாங்கினார். அந்தப் படங்களை இன்றும் பார்க்கலாம். ‘காளிதாஸ்’ படமும் இல்லை, ‘மிஸ் கமலா’வும் இல்லை. பிரதி அழிந்த பிறகு மிஞ்சியவை சில புகைப்படங்கள். புகைப்படத்தில் முகம் மட்டுமே விழும், வசனம் விழாது. நடிகையாக மட்டும் அவர் நினைவில் நின்றதற்கு இது ஒரு காரணம். நடிகை எழுதுவாளா என்ற பழைய இளக்காரம் இன்னொரு காரணம்.

மரக்காணம் உப்பளப் பகுதி மாணவிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய அம்மாக்கள் பாத்தியில் உப்பு வாரி, கூடையில் சுமந்து, மேட்டில் குவிப்பவர்கள். கொதிக்கும் வெயிலில் காலை அரிக்கும் வேலை. கடைக்கு வரும் உப்புப் பொட்டலத்தில் விற்பவர் பெயர் இருக்கும். சுமந்தவள் பெயர் இராது. “அப்போ அவங்களுக்கும் இதேதானா மேடம்?” என்று ஒருத்தி கேட்டாள். இரண்டும் ஒன்றல்ல. ராஜலட்சுமிக்குப் புகழ் கிடைத்தது, ‘சினிமா ராணி’ என்ற பட்டமும் கிடைத்தது. ஆனால் செய்த வேலைக்கும் நிற்கும் பெயருக்கும் இடையிலான தூரத்தை அந்தப் பெண் சரியாகப் பிடித்துவிட்டாள்.

ராஜலட்சுமி 1964இல் மறைந்தார். சினிமா வரலாற்றில் அவருக்கு ஒரு பக்கம் உண்டு. இலக்கிய வரலாற்றில், தமிழ் நாவல் பற்றிய அத்தியாயத்தில், அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லாத இடத்தில் நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்: டி.பி. ராஜலட்சுமி, நாவலாசிரியர்.